மூணு பேட் ஈசிஜி போர்டு, கூட வந்த ‘கிளீன்’ பட்டன்: ஆறு மாசம் ஓட்டிப் பாத்துட்டு எழுதுறேன்

வாங்கின மறுநாளே எழுதுற ரிவ்யூ இல்ல இது. நெஞ்சுல மூணு பேட் ஒட்டி இதயத்தோட மின்சிக்னல எடுக்கற சின்ன சர்க்யூட் போர்டு இது. ஆறு மாசமா கிட்டத்தட்ட தினமும் இதுல ஏதாவது ஒரு ரெக்கார்டிங் எடுத்துட்டுதான் இருக்கேன், என் நெஞ்சுல, தம்பி நெஞ்சுல, அப்பா நெஞ்சுல. மொதல்லயே மார்க் சொல்லிடுறேன்: போர்டுக்கு நாலு ஸ்டார், கேபிளுக்கு ரெண்டு, கூடக் குடுத்த சாஃப்ட்வேருக்கு ஒண்ணு. ஏன்னு தெரிஞ்சுக்கணும்னா கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா இதுல பாதி விஷயம் எந்த ஈசிஜி போர்டு வாங்கினாலும் உங்களுக்கு வரப்போற பிரச்சினைதான்.

போர்டுக்குள்ள இருக்கறது ஏடி8232 சிப். சின்ன சிப்தான், ஆனா வேல தெரிஞ்ச சிப். 2 வோல்ட்ல இருந்து 3.5 வோல்ட் வரைக்கும் ஓடும், சுமார் 170 மைக்ரோஆம்ப்தான் இழுக்கும், பேட் கழண்டா தனியா ஒரு பின்ல சொல்லிடும், மூணாவது பேட் வழியா உடம்புக்கே ஒரு திருத்தத்த திருப்பி அனுப்பற ரைட் லெக் டிரைவும் உள்ளேயே இருக்கு. இந்த மூணாவது பேட பல பேரு சும்மா எர்த்துன்னு நெனச்சுக்கறாங்க, அப்படி இல்ல. ரெண்டு பேட்லயும் பொதுவா ஏறுற கரண்ட் லைன் இரைச்சல எடுத்து, தலைகீழா திருப்பி, உடம்புக்கே குடுத்து அமுக்குற வேல அதோடது. அத ஒட்டாம விட்டுட்டு நாய்ஸ் வருதுன்னு ஒரு ஸ்டார் போட்ட ரிவ்யூ நாலஞ்சு பாத்தேன், மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு.

எவ்ளோ சின்ன சிக்னல் கூட மல்லுக்கட்டுறோம்னு மொதல்ல புரிஞ்சுக்கணும். இதயத்தோட ஆர் முனைன்னு சொல்ற அந்த பெரிய கூம்பே தோல் மேல சுமார் 1 மில்லிவோல்ட்தான், அதுக்கு முன்னாடி வர்ற குட்டி பி அலை அதுல பத்துல ஒரு பங்கு, ரெண்டு பங்கு. ஆனா ஜெல்லும் தோலும் சேர்ற இடத்துல தானா உருவாகுற வோல்டேஜ் 300 மில்லிவோல்ட் வரைக்கும் போகலாம், மேல செவுத்துக்குள்ள ஓடுற வயரெல்லாம் உடம்ப ஆன்டெனா ஆக்கிடும். இதுக்கு நடுவுல இருந்துதான் அந்த குட்டி பி அலைய உரிச்சு எடுக்கணும். நூறு வருஷத்துக்கு முன்னாடி ஈசிஜிக்கு வழி காட்டின ஐந்தோவன்ங்கற விஞ்ஞானி ஈசிஜி எடுத்தப்ப ஆளோட ரெண்டு கையையும் ஒரு காலையும் உப்புத்தண்ணி தொட்டியில முக்க வச்சுதான் எடுத்தாரு, 1924ல நோபல் பரிசும் வாங்கினாரு. அந்த தொட்டி வேற எதுக்கும் இல்ல, தோலுக்கும் வயருக்கும் நடுவுல தொடர்பு நல்லா இருக்கணும்னுதான். இன்னைக்கும் விஷயம் அதேதான், தொட்டிக்கு பதிலா ஜெல் பேட், அவ்ளோதான் வித்தியாசம்.

மொத நாள் ராத்திரி போட்டப்ப ஸ்கிரீன் பூரா புல்லு மொளச்ச மாதிரி இருந்துச்சு, இதயத்துடிப்பு எங்கன்னே தெரியல. லேப்டாப் சார்ஜர புடுங்கினேன், அந்த நொடியே புல்லு முக்கால்வாசி அமுங்கிடுச்சு. அப்புறம் மேசைல இருந்த விளக்க அணைச்சேன், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ காலுக்கடியில இருந்து தள்ளி வச்சேன், இன்னும் அமுங்கிச்சு. சார்ஜர் புடுங்கறது நாய்ஸுக்காக மட்டும் இல்லங்க, தயவுசெஞ்சு இத மனசுல வச்சுக்கோங்க, இந்த மாதிரி போர்டுல ஆஸ்பத்திரி மெஷின்ல இருக்கற மாதிரி மின்தடுப்பு கிடையாது, நெஞ்சுல பேட் ஒட்டியிருக்கப்ப லேப்டாப்பும் சரி போர்டும் சரி பேட்டரியிலதான் ஓடணும், பிளக்ல மாட்டவே கூடாது. பாக்ஸோட வந்த தாள்ல இத ஒரு ஓரத்துல பொடி எழுத்துல போட்டிருக்காங்க, மொத பக்கத்துல செவப்பு எழுத்துல போட வேண்டிய விஷயம் அது.

அடுத்து தோல். இதுல யாரும் நேரம் செலவழிக்க மாட்டேங்கறாங்க, ஆனா ஆறு மாசத்துல நான் கண்ட பெரிய லாபமே இங்கதான். பேட் ஒட்டற இடத்துல முடி இருந்தா மழிச்சுடணும், சோப்பு போட்டு கழுவி துடைச்சு நல்லா காய விடணும், அப்புறம் சொரசொரப்பான துணியால நாலஞ்சு தடவ லேசா தேய்க்கணும், தோல் லேசா செவக்கற வரைக்கும் போதும். மேல இருக்கற செத்த தோல் போனாலே ஜெல்லுக்கும் உடம்புக்கும் நடுவுல இருக்கற தடை நல்லா கொறஞ்சுடும். ரெண்டு பேட்லயும் அந்த தடை ஒரே அளவா இருக்கறது அதவிட முக்கியம், ஒண்ணு நல்லா ஒட்டி இன்னொண்ணு காஞ்சு கெடந்தா ரெண்டுலயும் சமமா வர வேண்டிய இரைச்சல் சமமா வராம போயிடும், அப்ப அந்த சிப்பால அத கழிக்க முடியாது. பேட் ஒட்டினதும் உடனே ரெக்கார்ட் போடாதீங்க, ரெண்டு மூணு நிமிஷம் விடுங்க, ஜெல் தோல்ல ஊறட்டும், கோடு தானா ஒரு இடத்துல வந்து நிக்கறத கண்ணால பாக்கலாம்.

கேபிளுக்கு ஏன் ரெண்டு ஸ்டார்? மூணு வயரும் ஷீல்டு இல்லாம, தனித்தனியா, தேவைக்கு மேல நீளமா குடுத்திருக்காங்க. ரெண்டு வயருக்கு நடுவுல எவ்ளோ பெரிய வளையம் விரியுதோ அவ்ளோ கரண்ட் இரைச்சல் உள்ள வரும். நான் மூணையும் பின்னல் மாதிரி முறுக்கி, நெஞ்சுகிட்ட வந்ததும் மட்டும் பிரிச்சு, வயர சட்டைல ஒரு இடத்துல டேப் போட்டு ஒட்டிடுறேன். டேப் எதுக்குன்னா வயர் ஆடினா பேட்டும் ஆடும், பேட் ஆடினா தோல் இழுபடும், தோல் இழுபட்டா கோடு குதிக்கும். இன்னொண்ணு, தாள்ல போட்டிருக்கற படத்துல செவப்பு வயரும் மஞ்ச வயரும் இடம் மாறி இருக்கு, அத நம்பி ஒட்டினா ஆர் முனை கீழ பாத்து தொங்கும். பயந்துடாதீங்க, வலதும் இடதும் மாறிடுச்சுன்னு அர்த்தம், மாத்தி ஒட்டுங்க.

அப்பாவுக்கு எடுத்த மொத ரெக்கார்டிங் இன்னும் ஞாபகம் இருக்கு. நாற்காலியில நிமிந்து உக்காந்து ரெண்டு கையாலயும் கைப்பிடிய கெட்டியா புடிச்சுட்டு இருந்தாரு, ஏதோ ஊசி போடப்போற மாதிரி. கோட்டு மேல பூரா பொடிப்பொடியா முள்ளு. ஃபில்டர் போட்டேன், கொறையல, இன்னொரு ஃபில்டர் போட்டேன், முள்ளோட சேந்து ஆர் முனையும் மழுங்கிச்சு. கடைசில ஃபில்டரெல்லாம் எடுத்துட்டு “அப்பா, கைய எடுத்து மடியில வைங்க, தோள தளர்த்தி விடுங்க”ன்னேன். “இப்படியா”ன்னு கேட்டுட்டு சாஞ்சு உக்காந்தாரு. அவ்ளோதான், ரெண்டு துடிப்புக்குள்ள முள்ளெல்லாம் உதுந்து போச்சு, பி அலை, கூம்பு, அதுக்கு அப்புறம் வர்ற டி அலை மூணும் வரிசையா கெடந்துச்சு. தசை இறுக்கத்துல வர்ற இரைச்சல் இருவது ஹெர்ட்ஸ்ல, அதாவது நொடிக்கு இருவது அதிர்வுல, ஆரம்பிச்சு பல நூறு ஹெர்ட்ஸ் வரைக்கும் பரவிக் கெடக்கும், இதயத்தோட கூம்பும் அதே இருவது முப்பது ஹெர்ட்ஸ்ல கொஞ்சம் இருக்கு, ரெண்டும் ஒரே பாய்ல படுத்திருக்கறப்ப ஒண்ண மட்டும் எழுப்பற ஃபில்டர் எதுவும் கிடையாது. குளிருல நடுங்கறவங்களுக்கு போர்வை குடுங்க, அதுதான் அங்க ஃபில்டர்.

இப்ப சாஃப்ட்வேர் பக்கம் வரேன், எனக்கு உண்மையிலேயே கோவம் இருக்கற பக்கம் இதுதான்.

வித்தவங்க போர்டோட மாதிரிக்குன்னு ஒரு கோட் குடுத்திருக்காங்க. ஒவ்வொரு தடவையும் சிக்னல அளந்து, வந்த எண்ண சீரியல் வழியா கம்ப்யூட்டருக்கு அனுப்பி, ஒரு மில்லிசெகண்ட் நின்னு, திரும்ப அளக்கும். ஒரு மில்லிசெகண்ட்னா நொடிக்கு ஆயிரம் சாம்பிள், அதாவது ஆயிரம் அளவுன்னு தாள்லயும் எழுதியிருக்காங்க, நானும் நம்பிட்டேன். ஆயிரம்னு வச்சு, நம்ம கரண்டோட 50 ஹெர்ட்ஸ மட்டும் குழி தோண்டி எடுக்கற ஒரு நாட்ச் ஃபில்டர் பைதான் மொழில போட்டேன். கரண்ட் இரைச்சல் அப்படியே இருக்கு, ஆனா ஆர் முனை பாதியா சுருங்கி பக்கத்துல ஒரு ஆட்டம் வேற. ரெண்டு வாரம் ஃபில்டர் கணக்க மாத்தி மாத்தி போட்டேன், புக்ல இருக்கறபடிதான் போட்டிருக்கேன், எங்க தப்புன்னே தெரியல. அப்புறம் ஒரு நாள் கடிகாரத்த வச்சுட்டு ஒரு நிமிஷத்துக்கு எத்தன எண் வருதுன்னு எண்ணிப் பாத்தேன். நொடிக்கு ஆயிரம் இல்ல, நூத்தி தொண்ணூறுதான் வருது! காரணம் என்னன்னா அந்த கோட்ல சீரியல் வேகம் நொடிக்கு 9600 பிட், ஒரு எழுத்துக்கு பத்து பிட் ஆகும். அதுல நொடிக்கு 960 எழுத்துதான் போகும், மூணு இலக்க எண்ணும் வரி முடியற ரெண்டு குறியும் சேந்து ஒரு அளவுக்கு அஞ்சு எழுத்து, 960ஐ அஞ்சால வகுத்தா 192. அதாவது நான் 50 ஹெர்ட்ஸ்ல தோண்டறதா நெனச்ச குழி நிஜத்துல விழுந்தது ஒம்போதர ஹெர்ட்ஸ்ல. இதயக் கூம்போட உயிரே அஞ்சுல இருந்து பதினஞ்சு ஹெர்ட்ஸ்லதான் இருக்கு, 1985ல பான், டாம்ப்கின்ஸ்ங்கற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் துடிப்பு கண்டுபுடிக்கற வழிமுறைய எழுதினப்ப தேர்ந்தெடுத்த பட்டையும் அதேதான். அந்த நடு மார்ல நானே கத்திய வச்சிருக்கேன், இரைச்சல தொடவே இல்ல.

சீரியல் வேகத்த 115200 ஆக்கி, அந்த நிக்கற வரிய தூக்கிட்டு, குறிச்ச நேரத்துல தானா அளக்க வைக்கற டைமர் இன்டரப்ட் வச்சு சரியா நாலு மில்லிசெகண்டுக்கு ஒரு தடவ, நொடிக்கு 250 சாம்பிள்னு எழுதினேன். அன்னைக்கே அதே நாட்ச் ஃபில்டர் ஒழுங்கா வேல செஞ்சுது. இந்த போர்ட வாங்கறவங்க மொத வேலையா இத செய்யுங்க, உங்க சாம்பிள் எண்ணிக்கைய நீங்களே எண்ணிப் பாருங்க, தாள நம்பாதீங்க.

இன்னொரு சந்தேகம் எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்துச்சு. போர்டு 40 ஹெர்ட்ஸுக்கு மேல வெட்டுதுன்னு போட்டிருக்கு, அப்புறம் 50 ஹெர்ட்ஸ் எப்படி உள்ள வருது? வெட்டுதுன்னா செவுரு வச்ச மாதிரி இல்ல, சரிவு. ரெண்டு படி ஃபில்டர்தான் அது, 40ல இறங்க ஆரம்பிச்சு 50 போறப்ப இன்னும் கிட்டத்தட்ட பாதி மிச்சம் இருக்கும். உங்க ஊர்ல கரண்ட் 60 ஹெர்ட்ஸா இருந்தா கொஞ்சம் கூடவே அமுங்கும், அப்பவும் போகாது. அதனால நாட்ச் வேணும். ஆனா ரொம்ப குறுகலா போட்டா ஒவ்வொரு கூம்புக்கும் பின்னாடி மணி அடிச்ச மாதிரி கொஞ்ச நேரம் அதிரும், அது கூம்புக்கும் டி அலைக்கும் நடுவுல இருக்கற எஸ்டி பகுதி மேல போய் உக்காந்துடும். கரண்ட் வேற சரியா 50லயே நிக்காது, கொஞ்சம் அங்க இங்க நகரும். நான் நாட்ச் எவ்ளோ குறுகல்னு சொல்ற க்யூ மதிப்ப 30ல ஆரம்பிச்சு, கடைசில அதவிட கம்மியா வச்சுட்டேன். 250 சாம்பிள்ல இருக்கறவங்களுக்கு இன்னொரு சுலபமான வழி இருக்கு, அஞ்சு சாம்பிள் சராசரி எடுங்க, அஞ்சு சாம்பிள்னா 20 மில்லிசெகண்ட், 50 ஹெர்ட்ஸோட ஒரு முழு சுத்து, மேலயும் கீழயும் கூட்டினா அது பூஜ்ஜியமாயிடும். துடிப்ப மட்டும் எண்ணறதுக்கு இது தாராளமா போதும், வடிவத்த பாக்கணும்னா வேணாம், கூம்ப கொஞ்சம் மழுக்கும். கரண்ட் லைன்ல இருந்தே இரைச்சலோட ஒரு நகல் எடுத்து அத வச்சு இரைச்சல கழிக்கற அடாப்டிவ் வழிய 1975லயே விட்ரோங்கற ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் ஈசிஜிலயே செஞ்சு காட்டிட்டாங்க, கரண்ட் நகர்ந்தா அதுவும் கூடவே நகரும், ஆனா இந்த போர்டுல ரெண்டாவது சேனல் இல்லாததால நான் அதுல போகல.

மூச்சு விடறப்ப கோடு ஏறி இறங்கறது தனி விஷயம். அது அரை ஹெர்ட்ஸுக்கு கீழ, அலை மாதிரி மெதுவா. போர்டே 0.5 ஹெர்ட்ஸ்ல அத வெட்டிடுது, பாக்க நல்லா தட்டையா இருக்கு. ஆனா அதுக்கு ஒரு விலை இருக்கு. ஆஸ்பத்திரி ஈசிஜிக்கு சொல்ற அளவு 0.05 ஹெர்ட்ஸ்ல இருந்து 150 ஹெர்ட்ஸ் வரைக்கும், ஏன் அவ்ளோ கீழ போறாங்கன்னா எஸ்டி பகுதிங்கறது மெதுவான விஷயம், சாதாரண ஃபில்டர 0.5ல வச்சா அது அலையோட கட்டத்த, அதாவது அலை வர்ற நேரத்த, தள்ளி இல்லாத பள்ளத்தயும் மேட்டயும் எஸ்டில உண்டாக்கிடும். கம்ப்யூட்டர்ல முன்னும் பின்னும் ஓட்டி கட்டம் தள்ளாம வெட்டினா பிரச்சினை இல்ல, போர்டுல இருக்கற ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் அப்படி பின்னாடி ஓடாது. அதனால இந்த போர்டுல எஸ்டி எறங்கியிருக்கு ஏறியிருக்குன்னு பாத்து யாரும் பயப்படவும் வேணாம், நிம்மதியாகவும் வேணாம். நெஞ்சுல வலின்னா இத எடுக்கவே எடுக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி போங்க.

இப்ப அந்த ‘கிளீன்’ பட்டன். கூட வந்த சாஃப்ட்வேர்ல மேல வலது பக்கம் பச்சையா இருக்கும், அழுத்தினா கோடு பட்டு மாதிரி ஆயிடும். மொத தடவ அழுத்தினப்ப அம்மாவ கூப்பிட்டு காட்டினேன், அவ்ளோ அழகா இருந்துச்சு. சந்தேகம் வந்தது அப்புறம்தான், பி அலை எங்க? நான் என்ன பண்ணேன்னா கிளீன் பண்ணாத ஃபைலையும் கிளீன் பண்ண ஃபைலையும் தனித்தனியா எடுத்து ஒண்ணுல இருந்து ஒண்ண கழிச்சு மிச்சத்த வரஞ்சு பாத்தேன். ஃபில்டர் தூக்கிப் போட்டது என்னன்னு அந்த மிச்சம் காட்டும். அதுல வெறும் இரைச்சல் மட்டும் இருந்தா ஃபில்டர் யோக்கியம். இங்க என்ன இருந்துச்சுன்னா ஒவ்வொரு துடிப்புக்கும் நேரா ஒரு கூர்மையான கூம்பு, அதுக்கு முன்னாடி ஒரு சின்ன மேடு. இரைச்சல் கூட சேத்து இதயத்தயும் குப்பையில போட்டிருக்கு. எந்த ஃபில்டர் போட்டாலும் இந்த கழிச்சுப் பாக்கற வேலைய ஒரு தடவ செய்யுங்க, அஞ்சு நிமிஷம்தான் ஆகும்.

சந்தேகம் தீர இன்னொரு டெஸ்டும் பண்ணேன். ஃபில்டர சோதிக்கறதுக்குன்னே எம்ஐடி-பிஐஎச் இரைச்சல் தொகுப்புன்னு ஈசிஜி ஃபைலுங்க இலவசமா கெடைக்குது, நல்லா சுத்தமா இருக்கற 118, 119ங்கற ரெண்டு ரெக்கார்டுல அளந்து அளந்து இரைச்சல கலந்து வச்சிருப்பாங்க, 24 டெசிபல்ல இருந்து மைனஸ் 6 டெசிபல் வரைக்கும், எண் கொறைய கொறைய இரைச்சல் கூட. மொத அஞ்சு நிமிஷம் சுத்தமா ஓடும், அப்புறம் ரெண்டு நிமிஷம் இரைச்சல், ரெண்டு நிமிஷம் சுத்தம்னு மாறி மாறி வரும். தனியா இரைச்சல் மட்டும் உள்ள ஃபைலும் மூணு இருக்கு: கோடு அலையறது, தசை, பேட் நகர்றது. சுத்தமான பகுதியயே கிளீன் பட்டனுக்கு குடுத்தேன், இரைச்சலே இல்லாத இடத்துலயும் கூம்பு குள்ளமாயிடுச்சு. பேட் நகர்ற இரைச்சல குடுத்தப்ப அது போகவும் இல்ல, வழவழன்னு ஆகி கூடுதல் துடிப்பு மாதிரியே வேஷம் போட்டுச்சு. அந்த இரைச்சல எந்த சாதா ஃபில்டரும் எடுக்காதுங்கறது உண்மைதான், அதுக்காக இந்த சாஃப்ட்வேர திட்டல, ஆனா ‘இந்த இடம் நம்ப முடியாது’ன்னு ஒரு செவப்பு பட்டை போட்டிருக்கலாமே. சிக்னல குட்டிக்குட்டி அலையா பிரிச்சு வெட்டற வேவ்லெட் வச்சும் செஞ்சு பாத்தேன், தசை இரைச்சலுக்கு பரவால்ல, அளவு பாத்து வெட்டணும். நூறு துடிப்ப ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி சராசரி எடுத்தா இரைச்சல் பத்துல ஒண்ணாயிடும், அதுவும் நல்ல வழி, ஆனா தனியா வர்ற ஒரு வித்தியாசமான துடிப்பு அந்த கூட்டத்துல காணாம போயிடும்.

அந்த வித்தியாசமான ஒரு துடிப்புதான் எனக்கு வேண்டியிருந்துச்சு. ஒரு நாள் சாயங்காலம் ரெக்கார்ட் ஓடிட்டு இருக்கறப்பவே அப்பா “இப்ப ஒண்ணு தவறிச்சுடா”ன்னாரு. ஸ்கிரீன்லயும் ஒரு துடிப்பு சீக்கிரமா வந்து, அப்புறம் ஒரு பெரிய இடைவெளி. சேவ் பண்ணிட்டு ராத்திரி திறந்து பாத்தா, அந்த சீக்கிரம் வந்த துடிப்புக்கு முன்னாடி பி அலை இருந்துச்சா இல்லையான்னு சொல்லவே முடியல. கிளீன் பட்டன் ஆன்ல இருந்திருக்கு, அது ஆன்ல இருந்தா சேவ் ஆகறதும் கிளீன் பண்ணது மட்டும்தான், மூல ரெக்கார்டிங் எங்கயும் இல்ல. எங்கயும் சொல்லவும் இல்ல. மறுநாள் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனேன், 12 லீட் ஈசிஜி எடுத்து பாத்துட்டு கவலப்பட ஒண்ணும் இல்லன்னாரு, அப்பாவும் நல்லா இருக்காரு. ஆனா அந்த ஒரு துடிப்பு போனது போனதுதான், அது திரும்ப வந்து ரெக்கார்ட் ஆகப்போறதில்ல.

வித்தவங்களுக்கு ரெண்டு தடவ எழுதிட்டேன், மூல ஃபைல எப்பவும் தனியா சேவ் பண்ணுங்க, கிளீன் பண்ணத அதுக்கு மேல ஒரு பார்வையா மட்டும் காட்டுங்கன்னு. பதில் வரல. அது வர்ற வரைக்கும் அந்த சாஃப்ட்வேர அழிச்சுட்டு போர்ட நேரா பைதான் கூட பேச வச்சுட்டேன், வர்ற எண் ஒவ்வொண்ணும் தொடாம அப்படியே ஒரு ஃபைலுக்கு போகும், ஃபில்டரெல்லாம் அப்புறம் காப்பி மேலதான். நாப்பது வரி கோட் கூட இல்ல. யாருக்காவது வேணும்னா கேளுங்க, தரேன், டைமர் போட்ட போர்டு கோடும் சேத்தே தரேன்.

ஆங், பேட் பாக்கெட்ட பிரிச்சா மிச்சத்த உடனே காத்து போகாம மூடி வைங்க, காஞ்ச ஜெல் பேட ஒட்டிட்டு ஒரு ஞாயித்துக்கெழம பூரா சாஃப்ட்வேர்ல தப்பு தேடினேன்.